கலையாத புகை

இருபதாவது நிமிடத்தில் கலைந்திருக்க வேண்டிய புகை, முப்பதாவது நிமிடத்திலும் அப்படியே நின்றது.

குழந்தைசாமி கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். அன்னவாசல் பள்ளிக்கூட மொட்டை மாடியில் அவனைத் தவிர யாரும் இல்லை. கேரளக் கடற்கரையிலிருந்து அன்று சாயங்காலம் கிளம்பிய ராக்கெட், எட்டாத உயரத்தில் கக்கிவிட்டுப் போன ஆரஞ்சு நிறப் புகை அது. மேல்காற்று அதை எப்படி இழுத்துக் கலைக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். கீழே இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும், அந்த வெயிலில்தான் புகை ஒளிரும், வெயில் போனதும் அணைந்துவிடும் என்று, கீழே அறையில் காத்திருந்த அக்காள் புருஷன் சேவுகன் சொல்லியிருந்தார். இந்த 1964-இல் அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த உயரத்திலும் வெயில் போய்ப் பத்து நிமிடமாகிவிட்டது. வயலில் தவளைச் சத்தம் நின்றிருந்தது, ரோட்டில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை, உப்பை வறுத்தது போன்ற ஒரு வாடை மட்டும் மாடி முழுக்கப் பரவி அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. நூறு மைல் உயரத்துப் புகைக்கு இங்கே ஏது வாடை? அண்ணாந்து பார்த்தான். தென்மேற்கில் இருந்த புகை இப்போது அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது.

படியிறங்கி ஓடினான். கீழ்க்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"மச்சான்! கதவைத் தொறங்க! அது இங்கிட்டு வருது!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"தெரியும் மாப்ளே," என்றார் சேவுகன், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "போன தடவையும் வந்துச்சு. மேல ஒரு ஆள் இருந்தா அதோட போயிரும். ஊருக்குள்ள எறங்காது."

"அக்காவுக்குத் தெரியுமா?"

நாற்காலி மறுபடி நகர்ந்தது.

"ஒங்கக்காதான் ஒன்னையச் சொன்னா."

பயம்கூட ஒரு கணம் விட்டுப்போயிற்று. காலையில் இட்லி கட்டிக் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாப்பா" என்று வாசல் வரை வந்தாளே, பாவி!

கத்துவதற்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூச்சுதான் வந்தது.

ஆரஞ்சு நிறத்தில்.

கலையவில்லை. நூலாக மேலே ஏறியது. வாயைப் பொத்தினான். மூக்கு வழியே வந்தது. உள்ளே இழுக்கப் பார்த்தான். முடியவில்லை. வெளியே மட்டும். வெளியே மட்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் சேவுகன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அந்த நூல் படிக்கட்டு வழியே மாடிக்கு ஏறி, வானம் வரை அறுபடாமல் போயிருந்தது. மேலே புகை ஒரு சுற்றுப் பெருத்தது.