காதிலேயே வாங்காத ஊர்

கதவைத் திறந்த அம்மாள் சிரித்த முகத்தோடுதான் நின்றாள். கோகிலவாணி பேசி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வாய் அசையுதுங்க கண்ணு, சத்தந்தான் வரமாட்டேங்குது. என்னமோ தலையில கட்ட வந்திருக்கீங்களாட்ட இருக்குது," என்றாள்.

"கட்டலீங்க, சும்மாதானுங்க குடுக்கறோம்!" என்று கோகிலவாணி கத்தினாள். அதுவும் போய்ச் சேரவில்லை. கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது.

கோவையில் இப்போது பசப்புவடி மாட்டாத காதைப் பார்ப்பது அரிது. மிளகளவுக் கருவி. எதிரில் பேசுகிறவர் நம்மை எதற்கோ இணங்க வைக்கப் பார்க்கிறார் என்று குரலின் நெளிவிலிருந்தே கண்டுபிடித்து, அந்தப் பேச்சை மட்டும் அமுக்கிவிடும். காப்பீட்டு முகவர், ஓட்டுக் கேட்பவர், சீட்டுக்கு ஆள் பிடிப்பவர் எல்லோரும் ஒரே வருடத்தில் ஊமைப்படம் ஆனார்கள். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்து ஊருக்கு இலவசமாகக் கொடுத்ததே கோகிலவாணி இருக்கும் நொய்யல் நுட்பக் குழாம்தான்!

அதே குழாம் இப்போது குழாய்ச்செவி என்று ஒன்றைச் செய்திருந்தது. வீட்டுக் குழாயில் ஒட்டவைத்தால், மண்ணுக்கடியில் தண்ணீர் ஒழுகும் சத்தத்தைக் கேட்டு இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஒற்றை வீட்டில் வைத்துப் பயனில்லை. தெருவில் பாதி வீடாவது வைத்தால்தான் இடம் பிடிபடும். கோடைக்குள் ஒழுகலை அடைத்தால் மேட்டுத் தெருவுக்கும் தண்ணீர் ஏறும். கோகிலவாணியின் வீடு மேட்டுத் தெருவில். குடம் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுபோனவள் என்பதால்தான், தன்னார்வப் பரப்புரைக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றதும் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள்.

அன்று வீட்டுக்குள் காலை வைத்ததுமே கணவர் சபாபதி ஆரம்பித்துவிட்டார். "இன்னிக்கும் செருப்போட உள்ள வந்துட்ட. ஃபேன அமத்தாம போயிட்ட."

தோசையைச் சுட்டுப் போட்டவர் அவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த மனுஷன் வாயைத் திறந்தாலே குறைதானா? கல்யாணமான புதிதில் இப்படியா இருந்தார்? கையகத்திரையில் தொண்டர்களின் புலம்பல்களைப் படித்தபடி, தலையை நிமிர்த்தாமலே சாப்பிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலக அறையில் கூட்டம். வடிகளைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்த தொண்டர்கள் எல்லோர் முகமும் தொங்கிக் கிடந்தது.

"திருமூர்த்தி, நம்ம ஆளுக குரலுக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டு விட்டிருங்களேன்," என்று பசப்புவடியை உருவாக்கியவனிடம் கெஞ்சினாள் கோகிலவாணி.

"ஆவாதுங்க்கா. நமக்கொரு ஞாயம், ஊருக்கொரு ஞாயமா? அப்பறம் கேக்கறவனுக்கெல்லாம் தொறந்து விடோணும்."

அவன் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் டீக்கடையில் யுவராணியின் குரல் கேட்டது. யுவராணி குழாமின் சோதனையாளர். செய்கிற கருவிகளில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவள் வேலை. அவள் வாயில் நல்ல வார்த்தை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"இந்தக் குழாய்ச்செவி ஒரு தரித்திரமுங்க! விருந்தாளி உக்காந்திருக்கறப்ப, கொல்லைக் குழாய் ஒழுகுது, கொல்லைக் குழாய் ஒழுகுதுன்னு கத்தி மானத்த வாங்குது. எதுத்த வீட்டு ஒழுகலயெல்லாம் எங்கூட்டுல வந்து சொல்லுது!"

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "எதுத்த வீட்டு ஒழுகலக்கூடவா? அது எங்கீங்க கெடைக்கும்?"

இவள் பேச்சு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று ஜன்னலருகே நின்ற கோகிலவாணி திருமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள். திருமூர்த்தி தலையைச் சொறிந்தான். "கொறை சொல்றவங்க நம்மள எதுக்கும் இணங்க வெக்கப் பாக்கறதில்லீங்களே. அதான் வடி உட்டுருது."

அன்றைக்கே திட்டம் தலைகீழானது. இனிமேல் யாரும் புகழக் கூடாது, புலம்ப வேண்டும். ஒரு தொண்டர் பொய்யாக அலுத்துக்கொண்டு பார்த்தார். பாதி வார்த்தையிலேயே ஊமையானார். சரி, மெய்யாகவே நொந்துகொண்டால்தான் உண்டு என்று, ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழாயில் கருவியை மாட்டி, பட்ட பாட்டைப் போகிற இடத்திலெல்லாம் கொட்டினார்கள். கோகிலவாணியின் பங்குக்கு, "பல்லி கத்துனாக்கூட ஒழுகல்ங்குதுங்க," என்பது நன்றாக எடுபட்டது. குறைகளைக் குழாம் சரிசெய்யச் செய்ய, புதுக் குறை கண்டுபிடிக்க யுவராணி வகுப்பே எடுத்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

பங்குனி பிறக்கும் முன் தெருத்தெருவாக வீடுகள் சேர்ந்தன. ஒழுகல்கள் அடைபட்டன. ஒரு காலையில் மேட்டுத் தெருக் குழாய் கொர்ரென்று இருமி, பிறகு கனமாகத் தண்ணீரைக் கொட்டியது. கோகிலவாணி அதில் முகத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கையகத்திரையில் படிக்கப் புலம்பல் எதுவும் இல்லை. தலையை நிமிர்த்தினாள். தோசைக் கரண்டியோடு நின்ற சபாபதியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"...ஒண்ணே ஒண்ணு வெச்சுக்க கண்ணு. வெறும் வயித்தோட வெயில்ல அலையாத. எளச்சு எப்படிப் போயிட்ட பாரு."

"ஏனுங்க, எத்தன நாளா இப்படிச் சொல்றீங்க?"

"தெனமுந்தான் சொல்றேன். நீதான் காதுலயே வாங்கறதில்லையே."

அவர் பசப்புவடி மாட்டியதே இல்லை. காது அரிக்கிறது என்பார். சாப்பிடு, தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவர் கெஞ்சியதெல்லாம் இணங்க வைக்கும் பேச்சு. வடி மாட்டிய இந்த மூன்று வருடமாக அவளுக்கு வந்து சேர்ந்தது செருப்பும் ஃபேனும் மட்டும்தான். அவளுக்குக் கண் கரித்தது.

"அழுவறயா? ஒரு தோசைக்கா?" என்று அவர் பதறினார்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தைச் சொல்லப் பக்கத்து வீட்டுச் சாவித்திரி உள்ளே வந்தாள். "அக்கா, அந்தப் பசப்புவடியக் கழட்டிப்போட்டு, உங்க வீட்டுக்காரர் பேசறதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க," என்றாள் கோகிலவாணி ஆசையாக. சாவித்திரி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரிதான்! கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சாரத் திட்ட ஆரம்பித்தாள். "இந்தப் பசப்புவடி ஒரு பாழாப்போன சனியனுங்க்கா! என்ற வீட்டுக்காரர் பாசமாச் சொன்னதெல்லாம் முழுங்கிப்போட்டு, திட்டுனத மட்டும் எடுத்துக் குடுத்திருக்குது!"

ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. சாவித்திரியின் கை மெதுவாகக் காதுக்குப் போனது. வந்த வேகத்தில் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டி அவள் குரல் கேட்டது. "ஏனுங்க, சோறு போடறப்ப என்னமோ முணுமுணுப்பீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க."

கோகிலவாணி இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினாள்.