2318-ஆம் எண் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.20.

இரும்பு பீரோவைத் திறந்த ஷீலா மேல் தட்டில் கையை விட்டுத் துழாவினாள். பிறகு கீழ்த் தட்டு. பிறகு இரண்டு தட்டிலும் இருந்ததை எல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கிப் பார்த்தாள். நீல அட்டை போட்ட நோட்டு இல்லை.

போடிநாயக்கனூரில் அந்தச் சிறிய நூலகத்துக்கு அவள் பொறுப்பேற்று நான்கு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. இந்த நோட்டோ எந்தப் புத்தகத்தையும்விட முக்கியமானது. போடி, தேவாரம், ராசிங்காபுரம் என மூன்று ஊர் நூலகர்களும் மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொள்வது. பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கொடுத்தால் ராத்திரியோடு முடித்துவிட்டு வருகிறார்கள், எதைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள் என்று அதில் எழுதி வைப்பார்கள். ஒருவருக்கு விடை தெரியாத கேள்விக்கு அடுத்த ஊர்க்காரர் விடை எழுதுவார்.

வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற பிள்ளைகள் துண்டுச் சீட்டில் எழுதிக் கேள்விப் பெட்டியில் போடுவார்கள். அந்தச் சீட்டையும் நோட்டிலேயே ஒட்டுவது வழக்கம். பெயர் எழுதிய ஓரத்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் நூலகர் ஓர் எண்ணை மட்டும் எழுதிவைப்பார்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது வியாழக்கிழமை ஒட்டிய சீட்டு. எண் 2318.

"பதினாறு வயசுல கல்யாணம் பண்ணி வச்சா செல்லுமா? வேண்டாம்னு யார்கிட்டச் சொல்லணும்?"

ஷீலா தேவாரத்துக்குப் போன் செய்தாள்.

காலை 9.30.

தேவாரம் நூலகர் ஜெயபாக்கியம் பஸ்சை விட்டு இறங்கி நேராக உள்ளே வந்தார். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷம் நூலகத்திலேயே கழிந்தவர். யார் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

"2318 யாரு?" என்றார், பையைக் கீழே வைக்காமல்.

"அமுதவள்ளி. போடிமெட்டுக்குப் போற வழியில எஸ்டேட் தொழிலாளர் லயத்துல இருக்கா. பதினொண்ணாவது படிக்கிறா. நாம மலைக்கு அனுப்புற புத்தகப் பெட்டியிலதான் எடுத்துப் படிப்பா."

"குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க்கா. பதில் எழுதி நேத்து மலைக்குப் போன புத்தகப் பெட்டியில வச்சு விட்டிருக்கேன்."

"நோட்டு களவு போயிருச்சு. இனிமே காத்திருக்க முடியாது. முதல்ல பிள்ளை, அப்புறம் நோட்டு."

ஜெயபாக்கியம் 1098-ஐ அழைத்து, பெண்ணின் பெயரையும் எஸ்டேட்டையும் சொன்னார். உடனே ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பப் பாத்த?"

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து சாயங்காலம் வாசகர் வட்டக் கூட்டம். அஞ்சுலருந்து ஆறரை வரைக்கும். பிள்ளைகளுக்குச் சட்டப் புத்தகம் வாங்கித் தாங்கன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. நோட்டைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு பிள்ளை கல்யாணத்தைப் பத்திக் கேட்டிருக்குன்னு சொல்லிட்டேன்."

"பேரு சொன்னியா?"

"பேரும் சொல்லல, நம்பரும் சொல்லல. ஆனா சொன்னதே தப்புக்கா."

"தப்புத்தான். அழுறதை அப்புறம் பாத்துக்கலாம். கூட்டம் முடிஞ்சு யார் யார் இருந்தாங்க?"

மூன்று பேர். நூலக உதவியாளர் ராக்கையா. வாசகர் வட்டத் தலைவர் அழகுராஜா, ஏலக்காய் வியாபாரி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மலைக்குப் புத்தகப் பெட்டி ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் முத்துப்பாண்டி. ஷீலா நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டு, பெட்டியின் பட்டியலைச் சரிபார்க்க வாசலுக்குப் போயிருக்கிறாள். பத்து நிமிஷம். திரும்பி வந்தபோது பீரோ பூட்டித்தான் இருந்தது. சாவியும் டிராயரில்தான் இருந்தது.

"பீரோவுல வேற ஏதாச்சும் இடம் மாறி இருந்துச்சா?"

ஷீலா யோசித்தாள். "உறுப்பினர் பதிவேடு மட்டும் முதுகு உள்பக்கமாத் திரும்பி இருந்துச்சு. நான் அப்படி வைக்க மாட்டேன்."

ஜெயபாக்கியம் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா எடுத்த ஆளுக்கு நம்ம எண்ணோட வழி தெரியல."

நோட்டில் அவர்கள் எழுதும் எண் உறுப்பினர் எண் அல்ல. ஒரு பிள்ளை முதன்முதலில் எடுத்துப் போன புத்தகத்தின் பதிவெண் அது. அமுதவள்ளி முதலில் எடுத்தது மலைப் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம். அதன் முதுகில் 2318 என்று ஒட்டியிருக்கும். இது மூன்று நூலகர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு.

ஜெயபாக்கியம் பதிவேட்டைப் புரட்டி, 2318-ஆம் உறுப்பினர் இருந்த வரியில் விரலை வைத்தார். "இந்தப் பக்கத்துல இருக்கிற பிள்ளைக யாரு?"

"ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்து முகாம்ல சேத்ததுக்கா. கார்டு இன்னும் எங்கிட்டத்தான் கிடக்கு. அதுல ஒரு பிள்ளைகூட இங்க வந்ததில்ல. எனக்கே முகம் தெரியாது."

"நல்லது" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

காலை 9.55.

ராக்கையா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"அண்ணே, அந்தப் பத்து நிமிஷம் எங்க இருந்தீக?" என்றார் ஜெயபாக்கியம்.

"டீ வாங்கப் போனேன்மா. கடையில கூட்டம். வந்தப்ப ஜீப்பு கெளம்பிருச்சு."

"எத்தனை டீ?"

"மூணு. மேடத்துக்கு, அழகுராஜா ஐயாவுக்கு, எனக்கு. ஐயா டீ வேண்டாம்னுட்டு வெரசாக் கெளம்பிட்டாக. அதையும் நானே குடிச்சேன்."

காலை 10.10.

முத்துப்பாண்டி ஜீப்பை வாசலில் நிறுத்தினான். இருபத்தெட்டு வயது இருக்கும். உள்ளே வந்ததிலிருந்து ஜெயபாக்கியத்தின் கண்ணைப் பார்க்கவில்லை.

"தம்பி, பெட்டி தூக்க எத்தனை தடவை உள்ள வந்த?"

"ரெண்டு தடவைக்கா."

"பீரோப் பக்கம் போனியா?"

"அங்க எனக்கு என்னக்கா சோலி?"

"பெறகு ஏன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிற?"

ஜீப் சாவியை மேசை மேல் வைத்தான். பிறகு, "வியாழக்கிழமை லயத்துல ஒரு பிள்ளை மடிச்ச சீட்டு ஒண்ணு குடுத்துச்சு. கேள்விப் பெட்டியில போடச் சொல்லுச்சு. போட்டேன். பிரிச்சுப் பாக்கலக்கா, சத்தியமா. அதுனால ஏதும் வம்பாயிருச்சோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"நீ செஞ்சது நல்ல காரியம். இன்னிக்குத் திரும்ப மேல போறியா?"

"இல்லக்கா. நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு கோயில் ட்ரிப்பு இருக்கு. பாத்திரம், மாலை எல்லாம் ஏத்தணுமாம். வண்டியைக் கழுவணும்."

காலை 10.30.

அழகுராஜா தினமும் வரும் நேரத்துக்கே வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. நோட்டு காணாமல் போனதைச் சொன்னதும் துண்டை உதறி மடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"பீரோவுல வச்சுப் பூட்டினது எப்படிப் போகும்? நல்லாத் தேடிப் பாருங்க மேடம்."

"தேடிட்டோம் சார்" என்றார் ஜெயபாக்கியம். "நேத்து நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

"நான் பேப்பர்ல மூழ்கிட்டேன். அந்த ஜீப்புக்காரப் பய உள்ளேயும் வெளியேயும் போய்க்கிட்டு இருந்தான். அவனை விசாரிங்க. ஆனா ஒண்ணு, போலீசு கீலீசுன்னு போகாதீங்க. சுஜாதா மாதிரி வயசுப் பிள்ளைக பேரு வெளிய அடிபட்டா, நாளைக்கு யாரு பதில் சொல்றது? ஒரு நோட்டுத்தானே. நான் பத்து நோட்டு வாங்கித் தர்றேன்."

"உங்க நல்ல மனசு சார்" என்றார் ஜெயபாக்கியம்.

அழகுராஜா போனதும் ஜெயபாக்கியம் அவர் பின்னாலேயே வாசல்வரை போய், ராசிங்காபுரம் நூலகர் சாம்சனுக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டார். திரும்பி வரும்போது நடையில் வேகம் கூடியிருந்தது.

காலை 11.05.

1098-இலிருந்து அழைப்பு வந்தது. லயத்தில் அமுதவள்ளியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா, அம்மா, பெண் மூவரும் நேற்று மதியமே கீழே இறங்கிவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

ஷீலா எழுந்துவிட்டாள். "பதில் வச்ச பெட்டி மேல போயிருக்கு. அவ கீழ வந்துட்டாளா? எங்க போய்த் தேடுறது?"

"தேட வேண்டாம். நோட்டு எங்க இருக்கோ அங்கதான் அவளும் இருக்கா." ஜெயபாக்கியம் முத்துப்பாண்டிக்குப் போன் செய்தார். "தம்பி, நாளைக்குப் பாத்திரமெல்லாம் எந்த இடத்துல ஏத்தச் சொன்னாங்க?" பதிலைக் கேட்டுக்கொண்டு பையை எடுத்தார். "கிளம்பு ஷீலா. போலீஸ் ஸ்டேஷன் வழியாப் போவோம்."

பகல் 11.50.

அழகுராஜா ஏலக்காயைத் தரம் பிரித்து இருப்பு வைக்கும் ஸ்டோரில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஆனால் கதவு திறந்திருந்தது. காய் பொறுக்கும் பெண்கள் உட்காரும் இடத்தில் அண்டாக்களும் கரண்டிகளும் குவிந்திருந்தன. வாசலில் ஒரு பெண் எஸ்.ஐ., குழந்தைகள் உதவி மையத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், இரண்டு நூலகர்கள்.

"என்ன மேடம், படையோட வந்திருக்கீங்க?" என்றார் அழகுராஜா.

"நோட்டை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம் சார்."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டத்தான். நேத்து ஷீலா வாசலுக்குப் போனதும் பீரோவைத் திறந்தீங்க. கடைசிப் பக்கத்துல 2318-னு இருந்துச்சு. உறுப்பினர் பதிவேட்டை எடுத்து 2318 யாருன்னு பாத்தீங்க. ராசிங்காபுரம் சுஜாதான்னு இருந்துச்சு. ஜீப்பு கிளம்புற சத்தம் கேட்டதும் பதிவேட்டைத் திருப்பி வச்சுட்டு, மிச்சத்தை வீட்டுல போய்ப் படிக்கலாம்னு நோட்டோட கிளம்பிட்டீங்க. டீக்கூடக் குடிக்கல."

"கற்பனை நல்லா இருக்கு."

"காலையில நீங்கதான் சார் சுஜாதா பேரைச் சொன்னீங்க. நாங்க யார் பேரையும் சொல்லல. சுஜாதாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அழகுராஜா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்தப் பிள்ளை நூலக வாசலை மிதிச்சதே இல்ல. ஷீலாவுக்கே அவ முகம் தெரியாது. உங்களுக்குச் சொந்தமா, உங்க ஸ்டோர்ல வேலை பாக்குறவங்க மகளான்னு சாம்சன்கிட்டக் கேட்டேன். ரெண்டும் இல்லைன்னார். அவ பேரு உங்க வாயில வரணும்னா ஒரே வழிதான் இருக்கு. நோட்டு ஒரு கையில, பதிவேடு இன்னொரு கையில இருக்கணும். ஆனா அந்த நம்பர் உறுப்பினர் நம்பர் இல்ல சார். சீட்டு எழுதினது சுஜாதாவும் இல்ல."

"அப்ப யாரு?" கேள்வி அவரை மீறி வந்தது.

"அதை நான் சொல்ல மாட்டேன். யாரு எழுதினதுன்னு ஒரு பெரிய மனுசன் பீரோவைத் திறந்து பாக்குற அளவுக்கு ஏன் பதறணும்? அதுதான் என் கேள்வி. உங்க வீட்டுல ஒரு சின்னப் பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. எழுதினது அதுவா இருக்குமோன்னு பயம். வேற பேரைப் பாத்ததும் பயம் தெளிஞ்சுபோச்சு. அந்தத் தெம்புலதான் காலையில சுஜாதா பேரைச் சொல்லி எங்களுக்கே புத்தி சொன்னீங்க. நாளைக்குக் காலையில கோயில் ட்ரிப்புக்குப் பாத்திரத்தை இந்த ஸ்டோர்லதான் ஏத்தச் சொல்லியிருக்கீங்க."

எஸ்.ஐ. அவரைத் தாண்டி உள்ளே போனார்.

பின்கட்டில், மூட்டைகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில் அமுதவள்ளி உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா. மாப்பிள்ளை அழகுராஜாவின் அண்ணன் மகன், முப்பத்தொரு வயது. குடியால் இரண்டு இடத்தில் பெண் தட்டிப்போயிருந்தது. தூரத்துச் சொந்தமான எஸ்டேட் குடும்பம் மறுக்காது என்று இந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள்.

"பெரிய இடம்மா. படிக்க வைக்கிறேன்னுதான் சொன்னாக" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

ஜெயபாக்கியம் தரையில் அமுதவள்ளிக்கு எதிரே உட்கார்ந்தார். சீட்டைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"பதினெட்டு முடியாம உன்னை யாரும் கட்டிக் குடுக்கக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது. இந்த எஸ்.ஐ. மேடமும் இந்தத் தம்பியும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. உனக்கு என்ன வேணும்னு இவங்ககிட்டச் சொல்லு ஆத்தா. பொறுமையாச் சொல்லு."

அமுதவள்ளி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை சொன்னாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம். வியாழக்கிழமை பரீட்சை இருக்கு."

நோட்டு அழகுராஜாவின் மேசை டிராயரில், செய்தித்தாள் சுற்றி இருந்தது. அடுத்த கூட்டத்தன்று யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட நினைத்ததாக அவர் ஸ்டேஷனில் சொன்னார். கல்யாண ஏற்பாட்டுக்கு அவர் மீதும் அவருடைய அண்ணன் மீதும் வழக்குப் பதிவானது. அமுதவள்ளியின் அப்பா ஸ்டேஷன் வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் உள்ளே வந்து மகளுக்குப் பதினெட்டு முடியும்வரை கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் 2.40.

பஸ் நிலையத்தில் ஷீலா நோட்டை ஜெயபாக்கியத்திடம் நீட்டினாள். "இனிமே இது எங்கிட்ட இருக்க வேண்டாம்க்கா. நான் வாயை விட்டதாலதான் இவ்வளவும்."

ஜெயபாக்கியம் வாங்கவில்லை. "நீ அந்தக் கேள்விப் பெட்டியை வைக்கலேன்னா அவ யார்கிட்டக் கேட்டிருப்பா? சீட்டையெல்லாம் பிச்சுக் கிழிச்சுப் போடு. இனிமே கேள்வியை மட்டும் நம்ம கையெழுத்துல எழுதிக்குவோம், நம்பரே வேண்டாம். சாம்சன்கிட்டயும் சொல்லிடு. அடுத்த மாசம் நோட்டைத் தேவாரத்துக்கு நீயே கொண்டா."

தேவாரம் பஸ் வந்தது. நாலு மணிக்கு நூலகம் திறக்க வேண்டும் என்று அவர் முன்வாசலில் ஏறினார்.

வியாழக்கிழமை காலை 8.45.

அமுதவள்ளி, உதவி மையம் சேர்த்துவிட்ட போடி மாணவியர் விடுதியிலிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போனாள். அன்று வேதியியல் பரீட்சை. உள்ளங்கையில் மருதாணி இன்னும் சிவந்திருந்தது. பக்கத்துப் பெண் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பேனா மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.