டங்கனுக்கு யார் பதில் சொன்னது?

காலையில் தேநீர் குடித்தபோது லென்னின் தொண்டையில் முடி சிக்கியதுபோல ஏதோ உறுத்தியது. காறினான், ரொட்டித் துண்டை மெல்லாமல் விழுங்கிப் பார்த்தான், போகவில்லை. மறுபடி காறித் துப்பியபோது கழுவுதொட்டியில் எச்சிலோடு கறுப்பாக ஓர் இழை விழுந்தது. எடுத்துப் பார்க்க மனம் வராமல் குழாயைத் திறந்துவிட்டான்.

"சளியா?" என்றாள் மனைவி கிளெனிஸ்.

"அந்தச் சனியன்களோட நாத்தம். தொண்டை வரைக்கும் எறங்கிடுச்சு."

நாற்றம் என்னவோ உண்மைதான். பட்டாளத்தில் லென் பார்க்காத அசிங்கம் கிடையாது. ஆனால் ஓய்வுபெற்று இந்தக் கோட்டையில் காவலனாகச் சேர்ந்து, அண்டங்காக்கைகளை வளர்க்கும் ஆர்ச்சிக்கு உதவியாள் ஆன பிறகுதான் அருவருப்பு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்தது. வாளியில் மாட்டு ஈரல், கண் திறந்தபடி செத்த கோழிக்குஞ்சுகள், ரத்தத்தில் ஊறி உப்பி ஓரத்தில் நுரை கட்டிய பிஸ்கட். அதையெல்லாம் தின்றுவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் அவை ஈரமான உருண்டையாகக் கக்கி வைக்கும். அதைப் பொறுக்குவதும் லென்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு என்ன, "எவ்வளவு கம்பீரம்!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆறு அண்டங்காக்கைகள் இருக்கும்வரைதான் கோட்டை நிற்கும், ஆறில் ஒன்று குறைந்தாலும் மகுடம் கவிழும் என்பது இங்கே காலங்காலமாக வரும் பேச்சு. மகுடத்தைப் பற்றி லென்னுக்குக் கவலையில்லை. ஒன்று குறைந்தால் அவன் வேலை போகும். வேலையோடு மதிலுக்குள் கொடுத்திருக்கும் வீடும் போகும். கிளெனிஸை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் போகும்போது ஆர்ச்சி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"கூண்டுத் தாழ்ப்பாளைப் போட்டுட்டு ரெண்டாந்தரம் இழுத்துப் பாரு. இங்க சுத்துற நரிக்கு உன்னவிடப் புத்தி ஜாஸ்தி."

"சரி ஆர்ச்சி."

"ஏதாச்சும் ஒண்ணு செத்துச்சுன்னா, அகழி ஓரத்துல புதைச்சுக் கல்லுல பேரை வெட்டணும். அன்னையிலேருந்து சாயங்காலம் அந்தப் பேரைக் கூப்பிடக் கூடாது. மறந்துகூடக் கூப்பிட்டுத் தொலைச்சிடாத."

"கூப்பிட்டா எந்திரிச்சு வந்துடுமா?" என்று லென் சிரித்தான்.

ஆர்ச்சி சிரிக்கவில்லை. "பேரைக் கூப்பிட்டா எதாவது ஒண்ணு பதில் சொல்லித்தானே ஆகணும்" என்றார்.

அவர் போன சில நாட்களில் நல்ல மழை. ஒரு சாயங்காலம் நனைய அலுப்புப்பட்டு, லென் தாழ்ப்பாளை இரண்டாந்தரம் இழுத்துப் பார்க்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால், புல்லில் ஆறில் ஒன்றான டங்கனின் ஓர் இறக்கையும், ஒரு காலும், நத்தைகள் மொய்த்த கொஞ்சம் குடலும்தான் கிடந்தன. புதைத்துக் கல் வைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். செய்தித்தாளில் சுருட்டி, சமையலறைக் குப்பைப் பையில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் திணித்தான். ஆர்ச்சி திரும்புவதற்குள் எங்கேயாவது ஒரு பறவையைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

தினமும் சாயங்காலம் கூண்டுக்குமுன் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும். பேருக்குரிய பறவை கரைந்துவிட்டு, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போகும். வாயிலில் புகைத்துக்கொண்டு நிற்கும் காவலர்களுக்கு அதைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். ஒரு பேர் குறைந்தாலும் காது சொல்லிவிடும். ஆகவே அன்று "டங்கன்!" என்றும் கூப்பிட்டான்.

பதில் இல்லை. வாயிலில் ஒரு தலை திரும்பியது.

அங்கேதான் பட்டாளத்துப் புத்தி வேலை செய்தது. குடித்துவிட்டுக் கிடக்கும் சிநேகிதனுக்காக அணிவகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லிக் காப்பாற்றாத சிப்பாய் உண்டா? லென் காலருக்குள் முகத்தைப் புதைத்து அண்டங்காக்கைபோலக் கரைந்தான். கனகச்சிதமாக வந்தது. திரும்பிய தலை பழையபடி புகைக்கப் போய்விட்டது.

ஆனால் கூண்டுக்குள் ஐந்தும் தின்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தன.

டங்கனின் பங்கு பிஸ்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் தேடினால் காணோம். நாக்கில் மட்டும் இரும்பின் ருசி. அடுத்தடுத்த சாயங்காலங்களிலும் அதேதான். அவன் கரைந்தான், பிஸ்கட் காணாமல் போனது. கிளெனிஸ் சுட்ட இறைச்சியை வாயில் வைத்தால் சாம்பலாக இருந்தது. சுடுவதற்குமுன் தட்டில் வழிந்து கிடந்த சிவப்பு நீரைத்தான் அவன் கண் தேடியது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. வாயில் ஊறிய எச்சில் நிற்கவில்லை.

தொண்டையிலிருந்து அந்தக் கறுப்பு இழை விழுந்த அன்று மத்தியானம் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தொண்டை அடைத்து, விரிந்து, வழவழவென்று ஓர் உருண்டை வெளியே வந்து விழுந்தது. சாம்பல் நிறம். உள்ளே மயிர். கோழிக்குஞ்சின் கால்நகம். நடுவில் ஒரு கடைவாய்ப் பல்.

நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தான். அவனுடையதுதான்.

"லென், ஆர்ச்சி வந்துட்டாரு!" கிளெனிஸ் வெளியிலிருந்து கத்தினாள். "இன்னைக்கு அவரே பேர் கூப்பிடுறாராம். நீயும் வரணுமாம்."

போகாமல் இருக்க முடியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புல்வெளியில் ஊன்றுகோலோடு ஆர்ச்சி. காலடியில் வாளி. கதவோரம் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளெனிஸ். ஈரலின் வாடை காற்றில் வந்தது. நல்ல வாடை. ஐயோ, நல்ல வாடை.

ஐந்து பேர்கள். ஐந்து கரைதல்கள். ஐந்தும் கூண்டுக்குள் போயின.

"டங்கன்."

லென் வாயை இரண்டு கையாலும் பொத்தினான். சொல்லிவிடலாம். வேலை போகட்டும். வீடு போகட்டும். நரி தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். கையை எடுத்தான். வாயைத் திறந்தான்.

கரைந்தான்.

ஆர்ச்சி மெல்லத் திரும்பினார். சாக்கடை மூடியைத் திறந்தவர்போல அவர் முகம் சுருங்கியது.

"அடப்பாவி. நீயா பதில் சொன்ன?"

லென் மறுபடி கரைந்தான். அழுகை அப்படித்தான் வந்தது.

ஆர்ச்சி பிஸ்கட்டைப் புல்லில் எறிந்தார். லென் குனிந்தான். கையால் எடுக்கவில்லை. இனித்தது.

கதவோரம் கிளெனிஸ் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அந்த வாடைக்கும் அவன் தலை திரும்பியது.

"கையை நீட்டு" என்றார் ஆர்ச்சி. கோட்டுப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்திருந்தார். "வலது பக்க இறகு மட்டுந்தான். பறந்து போகாம இருக்க."

நீட்டினான். சட்டைக் கைக்குள் ஈரமாக ஏதோ பிதுங்கிக்கொண்டு நின்றது. கத்தரிக்கோல் சரக் சரக்கென்று ஓடியது. வலிக்கவே இல்லை.

கூண்டுக் கதவு திறந்தது. உள்ளே ஐந்தும் கட்டையில் நகர்ந்து உட்கார்ந்து, ஓரத்தில் இடம் விட்டன.

"ஆறு!" என்று வாயிலுக்குக் கேட்கும்படி ஆர்ச்சி கத்தினார்.

தாழ்ப்பாளைப் போட்டார். இரண்டாந்தரம் இழுத்துப் பார்த்தார்.