வாசல், விறாந்தை, கதிரை

றஜிந்தனுக்கு இருபத்துமூன்று வயது. முல்லைத்தீவிலிருந்து வேலைக்கு வந்து, காங்கேசன்துறையில் கடலோரம் ஒரு வாடகை வீட்டில் தனியே இருந்தான். வீடுதான் அலுவலகமும்.

அன்று இருட்டுப்படும் மைமலில் அவன் உருவாக்காத ஒரு கோப்பு திரையில் நின்றது. வா சல், நடுவில் இடைவெளியோடு.

இணையப் பக்கத்துக்கு நிறமும் வடிவமும் கொடுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கு வீட்டின் பகுதிகளைப் பெயராக வைப்பது செந்தூரனின் பழக்கம். கண்டபடி இடைவெளி விட்டு, கண்ட இடத்தில் பெரிய எழுத்துப் போடுவான். றஜிந்தனுக்கு முன் இதே வீட்டில், இதே மேசையில் வேலை செய்தவன். கார்த்திகை மாதம் பின்பக்கக் கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளி தயாளினி அக்கா லின்டர் பிளக்இன்னைப் போட்டார். பெயர் முறைப்படி இல்லாத கோப்பை அது சிவப்பாக்கி மறித்துவிடும். திருத்தாமல் வேலை மேலே ஏறாது.

றஜிந்தன் இடைவெளியை எடுத்துச் சிறுகோடு போட்டான். சிவப்பு அணைந்தது. வெளியே வாசல் படலையின் கொளுக்கி கழன்றது.

காற்றாக்கும்.

அடுத்த கோப்பு, விறாந்தை. அதையும் திருத்தினான். மழையே இல்லாத அந்தப் பொழுதில், ஊறிய பாதங்கள் சீமெந்தில் ஒட்டி ஒட்டி எழும்பும் ஓசை வர, அதற்குப் பின்னால் உப்பும் பாசியும் அழுகிய சாதாழைக் கடற்புல்லும் கலந்த மணம் யன்னல் சீலையை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

மூன்றாவது, அறை. அவன் தொடவில்லை. கதவுக்கு வெளியே ஓசை நின்றுவிட்டது. நீர் மட்டும் சொட்டியது. சிவப்பு இருக்கும்வரை அதுவும் வெளியேதான் நின்றது.

கைபேசி அடித்தது. தயாளினி அக்கா.

"என்னடா, உன்ரை பக்கம் சிவப்பா நிக்குது? பேர் திருத்தக் கை நோகுதோ?"

"அக்கா, உதைத் தொடாதேங்கோ. செந்தூரன் அண்ணையின்ரை பேருகள் வருது. கதவுக்கு வெளியாலை ஆரோ நிக்கினம்."

"விசரா! பின்னேரம் ஏதும் சாப்பிட்டனியோ?" சிரித்தார். "சரி, நீ சும்மா இரு. இனித் தானாத் திருத்துற மாதிரிப் போட்டுவிடுறன்."

"ஐயோ வேண்டாம், அக்கா..."

வைத்துவிட்டார்.

கைபேசியை மேசையில் வைத்தான். சிவப்பு சற்று நின்றது. அணைந்தது. கதவு திறந்தது.

அவன் திரும்பவில்லை.

கதிரை. சிவப்பு. சற்று நின்றது. அணைந்தது.

கதிரைப் பிடிகளில் கிடந்த அவன் கைகளின்மேல் பின்னாலிருந்து இரண்டு கைகள் படிந்தன. குளிர். ஊறி வெளுத்த தோல். நகக்கண்களில் மணல். அவனால் விரலை அசைக்க முடியவில்லை.

திரையில் கடைசியாக ஒரு பெயர். கோணலாக, இடைவெளி விட்டு. றஜி ந்தன். சிவப்பு.

சொல்வதைக் கேட்டு எழுதும் கைபேசியிடம், அம்மாவும் தங்கையும் இருக்கும் குழுவுக்கு அனுப்பச் சொல்லி, வாயால் மட்டும் சொன்னான்:

"இதை வாசிக்கிறது ஆரெண்டாலும் தயாளினி அக்காவுக்கு இப்பவே போன் எடுங்கோ. அந்தத் தானாத் திருத்துறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. என்ரை பேரைத் திருத்த விடாதேங்கோ."