போகிறேன் என்ற பொத்தான்

கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் வாயாடி. பள்ளிக்கூட விடுமுறை என்று சித்தியோடு அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்திருந்தாள். அங்கே சித்தியின் கணினித் திரைக்குள் ஓர் அலுவலகமே உட்கார்ந்திருந்தது!

மின்விசிறி சுற்றியது. கணக்கு மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தட்டச்சு அக்கா கொட்டாவி விட்டாள். ஜன்னலுக்கு வெளியே மழைகூடத் தூறியது.

"இத்தனை பேரையும் நீயேவா சித்தி செஞ்சே?"

"ஆமாடி. சண்டையில்லாத கேம் இது. கதை கேம். நாமதான் அந்த ஆபீஸுக்குப் புதுசா வந்த ஆளு. ஃபைல் அடுக்கலாம், டீ குடிக்கலாம், இவங்ககூடப் பேசலாம். தினம் ஒரு கதை."

சொல்லும்போதே சித்தியின் முகம் வாடியது.

"ஆனா விளையாடிப் பார்த்தவங்க எல்லாம் முதல் நாளோட எழுந்து போயிடறாங்க. சாயங்காலம் முதலாளியம்மா வருவாங்க. அவங்களும் எழுந்துட்டா, இவங்க எல்லாரையும் அழிச்சிட வேண்டியதுதான்."

கணக்கு மாமாவை அழிப்பதா? வாயாடிக்குப் பகீரென்றது. நாற்காலியில் ஏறி விளையாட ஆரம்பித்தாள். ஃபைல் அடுக்கினாள், டீ குடித்தாள், எல்லோரிடமும் பேசினாள். முதல் நாள் வேலை முடிந்ததும் ஒரு பொத்தான் வந்தது: "போகிறேன்."

வாயாடி கையைக் கட்டிக்கொண்டாள். "இதை நான் அமுக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"யாராவது 'போறேன்'னு சொல்வாங்களா? தெருமுனைக் கடைக்குன்னாலும் 'போயிட்டு வரேன்'தானே! போறேன்னு சொன்னா, இனி வரமாட்டோம்னு மாமா நினைச்சுக்க மாட்டாரா?"

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அட, ஆமா! நானே வாசலைக் காட்டி வழியனுப்பியிருக்கேனே!"

"மாமாவும் அக்காவும் பதில் சொல்லணும் சித்தி. பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தா எப்படி?"

இருவரும் சேர்ந்து பதில்களை யோசித்தார்கள். சித்தியின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. புதுப் பொத்தான் வந்தது. வாயாடி மெல்ல அமுக்கினாள்.

"போயிட்டு வரேன்."

அடேயப்பா! அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. தட்டச்சு அக்கா கையசைத்தாள். கணக்கு மாமா சிரித்தார். "போயிட்டு வாங்க! லிஃப்டுக்குள்ள ஒரு பூனை மாட்டிக்கிச்சே, அந்தக் கதையை நாளைக்குச் சொல்றேன்."

வாயாடிக்கு மேனி சிலிர்த்தது. ஒரு சொல்லுக்கு ஓர் உலகமே திரும்பிப் பார்க்கிறதே!

சாயங்காலம் முதலாளியம்மா வந்தார். விளையாடினார். புதுப் பொத்தானையும் அமுக்கினார். பிறகு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை நடந்தார். சித்தி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்த கை அப்படியே நின்றது.

"ஏம்மா, அந்தப் பூனைக்கு என்ன ஆச்சு? ரெண்டாம் நாளுக்கு எதை அமுக்கணும்?"

வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. விரலால் மட்டும் காட்டினாள்.