மிளகுக்கு எட்டு வாரம்

“மேஸ்திரி... டேய், நீ இங்க என்னடா பண்றே?”

நல்லம்பள்ளி கால்நடை மருந்தகத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தின் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததுதான் தாமதம்... கோகிலவாணியின் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று பறிபோயிற்று. ஒரு வருடமாக அவள் சோறு போட்டு வளர்க்கும் மிளகு, அவளைத் திரும்பியும் பாராமல், யாரோ ஒரு நெடியவனின் காலைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அது தன் நாய் என்று அவள் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

“ராத்திரிக்கு உங்க நாயா இருக்கும்ங்க. பகல்ல எங்க பட்டறையிலதான் இருக்கான். பத்து மணிக்கு டாண்ணு வருவான், நாங்க வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான். அதனாலதான் மேஸ்திரி.”

அவன் பெயர் பிரபாகர். சேலம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். நாய்க்கு அரிப்பு தாங்கவில்லை, மருந்து கேட்டுப் போகலாமென்று அவனும் வந்திருக்கிறான். நனைந்த இமைகளைத் துடைத்துக்கொண்டு அவன் சிரித்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. நின்று கோபப்பட விடாத கண்கள்... என்ன கண்களோ.

டாக்டர் சோபனா மிளகின் காதை மடித்துப் பார்த்தார். உள்ளே செக்கச் செவேலென்று இருந்தது. வயிற்றில் முடி கொட்டியிருந்தது, பாதங்களை அது நக்கி நக்கியே புண்ணாக்கியிருந்தது. உண்ணியும் இல்லை, சொறிப்பூச்சியும் இல்லை. அப்படியானால் சாப்பாட்டில்தான் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. என்ன போடுகிறீர்கள் என்று அவர் கேட்க, இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அவள் வீட்டில் பால்சோறு, ஞாயிற்றுக்கிழமை கோழி. பட்டறையில் களி, கோழிக்குழம்பு, டீக்கடை பன், போதாததற்கு ஐந்து பேர் சாப்பாட்டிலும் ஆளுக்கொரு கை.

டாக்டர் சிரித்துவிட்டார்.

“இவன் இதுவரைக்கும் தின்னாதது எது? மீனு, சக்கரவள்ளிக்கிழங்கு. எட்டு வாரம் அது ரெண்டுதான். அரிப்பு நின்னா, பழைய சாப்பாட்டை ஒவ்வொண்ணா குடுத்து எது ஆவலேன்னு பாத்துக்கலாம். நடுவுல ஒரு துண்டு பிஸ்கட் போனாலும் மறுபடி மொதல்லேருந்து எண்ணணும்.”

சமையல் முழுக்கத் தன்னுடையது என்று கோகிலவாணி அப்போதே சொல்லிவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அளவும் வேளையும் தப்பினால் அவளுக்குப் பொறுக்காது. எலும்பே இல்லாமல் இரண்டு மாதமா என்று கவலைப்பட்டு, தருமபுரியில் ஒரு கடையில் நாய்க்கான கால்சியம் மாத்திரை டப்பா ஒன்றையும் வாங்கி வந்தாள். மருந்து தெரிந்தவள் அல்லவா... டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை. மிளகு அந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி கடித்துத் தின்றது.

தினம் காலையில் மிளகையும் ஒரு டிபன் பாக்ஸையும் பட்டறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் கூட்டிப் போவாள். ஞாயிறுதோறும் பிரபாகர் ஒகேனக்கல் போய் ஆற்று மீன் வாங்கி வந்தான். பத்து நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் இருபது நிமிடம் நின்றாள். அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “மேஸ்திரி சாப்பாட்டு வாசனைக்கு எங்க ஆளுங்களுக்குக் கை ஓடலீங்க” என்பான். மறுநாள் என்ன சொல்லுவான் என்று பஸ்ஸில் வரும்போதே யோசிப்பாள். அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை... படுத்தால் தூக்கமில்லை. எல்லாம் நாயைப் பற்றிய கவலை என்றே தன்னை ஏமாற்றிக்கொண்டாள்.

ஆனால் அரிப்பு நிற்கவில்லை.

நான்காவது வாரம் காது மறுபடி சிவந்தது. மிளகு கட்டில் காலில் முதுகை உரசி உரசி முனகியது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பதறியது. அன்று சாயங்காலம் பட்டறை கேட் ஓரம், மழைத்தண்ணீரில் ஒரு கோழி எலும்பு கிடந்தது. அவ்வளவுதான்... ஆட்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டாள். பாவம் பார்க்கிறேன் என்று அதன் உயிரை வாங்குகிறீர்கள் என்றாள். உங்களை நம்பியது என் தப்பு என்றாள்.

பிரபாகர் கையிலிருந்த ராடைக் கீழே வைத்தான்.

“நாங்க யாரும் போடலீங்க.”

“அப்ப அரிக்கிறது எப்படி?”

“நம்பிக்கை இல்லேன்னா இனிமே அவனை இங்க அனுப்ப வேணாங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

அதற்குப் பிறகு மிளகைப் பகலெல்லாம் வீட்டில் பூட்டிவிட்டுப் போனாள். பத்து மணி ஆனால் அது கதவைப் பிறாண்டுவதாக வீட்டுக்காரம்மா சொன்னார். இவளுக்கு என்னவாம்... சாயங்காலம் பஸ் பட்டறையைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பக்கூடாது என்று வைராக்கியமாக இருப்பாள். தினமும் தோற்பாள்.

இரண்டு வாரம் ஓடியது. அவள் கையால் போட்டதைத் தவிர மிளகு வேறெதுவும் தின்னவில்லை. ஆனாலும் சொறிந்துகொண்டுதான் இருந்தது. அங்கே தின்ற பழைய கோழியின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்பும் உறுதியாக நிற்காமல் ஆட்டம் கண்டது.

வியாழக்கிழமை. மருந்து ஜன்னல் வழியாக ஒரு சீட்டு நீண்டது. விரல் நுனியெல்லாம் தீப்பொறிக் காயம். நிமிர்ந்தாள்... அவன்தான். அந்தக் கண்கள் ரத்தச் சிவப்பாக, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடி போடாமல் வெல்டிங் பிடித்திருக்கிறான்.

ஏன் என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. “ஒரு நாளைக்கு நாலு தடவை விடுங்க. விடறதுக்கு முன்னாடி பாட்டில் மேல எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க” என்று, எல்லாருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள்.

“சரிங்க.” அவன் போகவில்லை. “மேஸ்திரி எப்படி இருக்கான்?”

அவள் அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினாள். பின்னால் நின்ற பெரியவர் இருமினார். அவன் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மிளகுக்கு மாத்திரை எடுத்தாள். டப்பா கையில் இருந்தது. படிச்சுப் பாருங்க... காலையில் சொன்ன வார்த்தை காதுக்குள்ளேயே நின்றது. டப்பாவை முதல் தடவையாகப் பின்பக்கம் திருப்பினாள். பொடி எழுத்தில், கடைசி வரியில் இருந்தது. சுவைக்காகக் கோழி ஈரல் பொடி.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரமாக, நாளுக்கு இரண்டு மாத்திரை, தன் கையாலேயே... மிளகு வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அது அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தச் சிவந்த கண்கள் அவளை விடவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். கொட்டுகிற மழையில், ஒரு கையில் டப்பாவும் மறு கையில் கயிறுமாகப் பட்டறைக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம். உள்ளே ஆளில்லை. எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, பிரபாகரும் ஆட்கள் ஐந்து பேரும் நனைந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் மூத்தவரான முனியப்பன்தான் முதலில் பார்த்தார். மழையில் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“ஆறு வாரமா இங்கதாம்மா. டாக்டரு சொன்ன அன்னிலேருந்து பட்டறைக்குள்ள சோத்துப் பையைப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாரு மொதலாளி. ஒரு பருக்கை சிந்தினாலும் மேஸ்திரி தின்னுருவானாம். அன்னிக்கு நீங்க பாத்த எலும்பு, மழைத்தண்ணி இங்கேருந்து அடிச்சுக்கிட்டுப் போனதும்மா. அவன் வராத இந்த ரெண்டு வாரமும் மாத்திக்கல... நாளைக்கே வந்தாலும் வருவான்னு.”

அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டவள் அத்தனை பேருக்கும் முன்னால்தானே சொல்ல வேண்டும்? டப்பாவை நீட்டினாள்.

“கோழி இதுலதான் இருந்துச்சு. ஆறு வாரமா நான்தான் குடுத்திருக்கேன். நீங்க யாரும் இல்ல... நான்.”

பிரபாகர் டப்பாவை வாங்கிப் படித்தான். அவன் கண்ணில் இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. மிளகு அவன் கையை நக்க, குனிந்து அதன் காதைத் தடவினான்.

“தெரியாமத்தானே குடுத்தீங்க. இதுக்குப் போயி மழையில வரணுமா? ஆளு மூலமா சொல்லி அனுப்பியிருக்கலாமில்லீங்க.”

“இதை அனுப்பியிருக்கலாம்ங்க. இன்னொண்ணை அனுப்ப முடியாது.” மழை முகத்தில் வழிந்தது நல்லதாகப் போயிற்று. “இந்த ரெண்டு வாரமா எனக்கு சோறு இறங்கல. உங்க பட்டறையைப் பாக்காம வூட்டுக்குப் போவ முடியல. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க.”

முனியப்பன் மற்ற நாலு பேரையும் பார்த்துத் தொண்டையைச் செருமினார். தார்ப்பாய் மெதுவாக அடுத்த மரத்துக்கு நகர்ந்தது.

அவன் நனைந்துகொண்டே நின்றான். அவளும்தான். என்ன நினைக்கிறானோ... அவளே பேச்சை நாய் பக்கம் திருப்பினாள்.

“மாத்திரையை நிறுத்தியாச்சு. ஆனா டாக்டர் சொன்னபடி மறுபடி மொதல்லேருந்து எட்டு வாரம் எண்ணணும்.”

பிரபாகர் அவள் கையிலிருந்த கயிற்றில் பாதியைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

“மேஸ்திரிக்கு எட்டு வாரம் போதும்ங்க” என்றான். “எனக்குப் பத்தாது.”