துருத்தி அறைக்குப் போனவள்

அன்று பிற்பகல் ஆலயத்துக்குள் இருந்தவர்கள்: பாஸ்டர், அவர் மனைவி, கோடை இசை முகாமுக்கு வந்த பிள்ளைகள், நிறைவு விழாவில் அவர்கள் பாடுவதைக் கேட்க வந்த பெற்றோர், ஆலயத்தைத் திறந்து பூட்டும் சாவிக்கொத்தோடு காது மந்தமான கோயில்பிள்ளை, பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஆர்கனும் வாசித்த அக்கா. ஆர்கனுக்குப் பின்னால், துருத்தி அறையில், தகரம்.

அந்தப் பட்டப்பெயர் அக்கா வைத்தது. முதல் நாள் அந்தப் பெண் வாயைத் திறந்ததுமே, "யாரும்மா அது, தகரத்தத் தரையில இழுக்கிறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்து வைத்தாள். அதன்பிறகு முகாம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

விழா தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லையென்றால் ஆர்கனின் குழாய்களுக்குக் காற்று இல்லை. பின்னறையில் பழைய கைத்துருத்தி ஒன்று கிடந்தது. யாராவது உள்ளே நின்று அதன் மரக்கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"தகரம், நீ போ. அங்க சுருதி தேவையில்ல."

"நான் பாட வேணாமாக்கா? அம்மா வந்திருக்காங்க."

"உள்ள நின்னு பாடு. யாருக்கும் கேக்காது."

கதவைத் திறந்துவிட்ட கோயில்பிள்ளை, மந்தக் காதுக்காரருக்கே உரிய சத்தத்தில் அக்காவிடம் ரகசியம் சொன்னார். "உள்ள போனவளப் பேர் சொல்லித்தாம்மா வெளிய கூப்பிடணும். முன்னாடி ஒரு பிள்ளைய உள்ளயே மறந்துட்டாங்க. அதுலேர்ந்து அப்படித்தான்."

"சரிங்கய்யா." பேய்க்கதை கேட்க அக்காவுக்கு நேரமில்லை.

முதல் பாட்டு குறையில்லாமல் போனது. பின்னால் மரம் முனகி முனகி மூச்சு விட்டது. அடுத்த பாட்டின் நடுவே அந்த மூச்சு மாறியது. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று எழுந்தது. குழாய்களின் வாயிலிருந்து, வெகுநாள் பூட்டிவைத்த துணியின் வாடை வந்தது.

உள்ளே இரண்டு பேர் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாசிப்பதை நிறுத்தவில்லை. பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பாஸ்டர் எழுந்தார். "ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்துல நின்னு பாட வெச்ச நம்ம அக்காவுக்கு..."

மறுபடி கைதட்டல். அக்கா துருத்தி அறைக் கதவிடம் போய் வாயைத் திறந்தாள்.

பெயர் தெரியவில்லை.

அருகில் நின்ற முகாம் சிறுமி ஒருத்தியிடம் கிசுகிசுத்தாள். "உள்ள இருக்கிறவ பேர் என்னடி?"

"தகரம்க்கா."

"நிஜப் பேரு?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "நீங்கதானக்கா வெச்சீங்க?"

முன்வரிசையில் அந்தப் பெண்ணின் தாய் இருந்தாள். போய்க் கேட்டிருக்கலாம். இத்தனை நாள் கூட இருந்துவிட்டு, உங்கள் மகள் பெயர் என்ன என்று எந்த முகத்தோடு கேட்பது?

"தகரம்," என்று கதவிடுக்கில் அழைத்தாள். "வா."

வந்தாள். அதே உடை, அதே பின்னல்.

"கூப்பிட்டதுக்கு நன்றிக்கா."

குரலில் தகரம் இல்லை. சுருதி சுத்தமாக இருந்தது.

தாய் எழுந்து நின்று மகளைப் பெயர் சொல்லி அழைத்தாள். அந்தப் பெயரை அக்கா கேட்பது அதுவே முதல் தடவை.

வந்தவள் திரும்பவில்லை.

அறைக்குள்ளிருந்து, தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல ஒரு குரல்.

"என்னம்மா?"

கதவருகே நின்ற அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது. இப்போது பெயர் தெரியும். ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டால் போதும். ஆனால் மகள்தான் கண்ணெதிரே நிற்கிறாளே, யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். பாஸ்டர் இன்னும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயில்பிள்ளை சாவியைத் தேடி எடுத்தார். "பேர் சொல்லித்தானம்மா கூப்பிட்ட?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

வந்தவள் தன் முதுகுக்குப் பின்னால் கதவைத் தானே மெதுவாகச் சாத்தினாள். அவர் பூட்டினார்.